நெசவாளர் தளத்துக்குக் கண்டெய்னர் ஆடம்பரமா?

அனகாபுத்தூரில் வாழைநார்ச் சேலை நெய்கிறவர்களுக்கு ஒரு விற்பனைத் தளம் என்றால் சர்வரில் நேரடியாக நிறுவினால் போதும், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரெல்லாம் பெரிய கம்பெனிகளின் ஆடம்பரம் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை ஏற்கவே முடியாது.

கண்டெய்னர் தனிக் கணினி அல்ல. லினக்ஸ் கெர்னலின் நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகளால் பிரித்துவைத்த புராசஸ்தான். சின்ன வாடகை சர்வரிலும் ஓடும். பெரிய கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, நெசவாளரிடம் யார் இருக்கிறார்கள்? அமைத்துக் கொடுத்தவர் வேலை மாறிப் போனபின், எந்த பிஎச்பி, எந்த மரியாடிபி பதிப்பு என்று யாரிடம் போய்க் கேட்பது? எல்லாம் டாக்கரின் ஒரு கம்போஸ் கோப்பில் இருந்தால் அடுத்தவர் எடுத்து நடத்தலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊருக்குள் புகுந்ததை மறந்துவிட்டோமா? அந்தக் கோப்பும் பேக்கப்பும் வெளியூரில் இருந்தால், வேறொரு சர்வரில் தளத்தை மறுபடி எழுப்பலாம்.

ஆபத்து உண்டு என்பது மட்டும் சரி. டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் தடையைத் தாண்டிவிடும். தரவுத்தளத்துக்கு வெளிப்போர்ட்டே கொடுக்காதீர்கள். தரவைப் பெயரிட்ட வால்யூமில் வையுங்கள். கண்டெய்னருக்குள்ளேயே எழுதினால், அதை நீக்கும்போது ஆர்டர்களும் போய்விடும்.

தளம் அமைத்துத் தருகிறவர்களே, கம்போஸ் கோப்பின் பிரதியை நெசவாளர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.