கனவான்களின் வேகம்

ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் உலகச் சந்தைக்கு வரும் அதிவேகக் கார்களில் பல, ஒரு பூட்டுடன்தான் தொழிற்சாலையை விட்டு வெளியேறுகின்றன. அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சினை இயக்கும் கணினிக்குள் எழுதப்பட்ட சில வரிகளே அது. ஜெர்மன் கார் மணிக்கு 250 கிலோமீட்டரையும், ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான கார் 180 கிலோமீட்டரையும் எட்டியதும் எஞ்சினின் உந்துவிசையைக் கணினி குறைத்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடாது. இந்த வரம்பை அழித்துத் தருவது உலகெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. இந்தியப் பெருநகரங்களின் கார்ப் பட்டறைகளுக்கும் அது புதிதல்ல. மடிக்கணினியைக் காருடன் இணைத்து, பழைய நிரலுக்குப் பதில் புதிய நிரலை ஏற்றினால் வேலை முடிந்தது. பழைய ஜப்பானியக் கார்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: வேகமானியின் கம்பியில் ஒரு சிறு பெட்டியைச் செருகி, கணினிக்கே பொய்க் கணக்குக் காட்டுவது.

இந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் வழங்கும் பெயர் 'அன்லாக்'. பூட்டைத் திறத்தல் என்று பொருள். சிறைப்பட்டிருந்த ஆற்றலை விடுவிப்பதுபோன்ற தோற்றத்தை அந்தச் சொல் தருகிறது. விடுதலை என்ற சொல்லின் பொருளை உழைக்கும் மக்கள் நன்கறிவார்கள். பலருக்கும் பொதுவான சாலையில் ஒருவர் மட்டும் வரம்பை அழித்துக்கொள்வது விடுதலை ஆகாது. மற்றவர்களின் பாதுகாப்பிலிருந்து ஒரு பங்கைத் தனதாக்கிக்கொள்வதே அது.

இந்தப் பூட்டு எப்படி வந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. 1980களில் மேற்கு ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு விதிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. காடுகள் அழிவது பற்றிய கவலையும் வாகனப் புகை பற்றிய எதிர்ப்பும் அதற்குப் பின்னணி. பசுமைக் கட்சி 1983இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தது. சட்டம் வந்துவிடுமோ என்ற நிலையில், முன்னணிக் கார் நிறுவனங்கள் 250 கிலோமீட்டரைத் தாங்களே உச்ச வரம்பாக வைத்துக்கொண்டன. இதற்கு 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர். ஜப்பானிலும் இதேபோன்ற புரிதல் இருந்தது. 180 கிலோமீட்டர் வேக வரம்போடு, 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்ற புரிதலும் 2004 வரை நீடித்தது. அப்போது ஜப்பானின் விரைவுச் சாலைகளிலேயே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 100 கிலோமீட்டர்தான்.

கனவான்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட இந்த ஏற்பாடு, மக்கள் பிரதிநிதிகள் இயற்றக்கூடிய சட்டத்தைத் தடுக்கும் கேடயமாகவும் பயன்பட்டது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பொதுவான வேக வரம்பு இன்றுவரை இல்லை. 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே.

கனவான்களின் சொல் எவ்வளவு காலம் நிற்கும்? மெர்சிடிஸ் நிறுவனமும் பிஎம்டபிள்யூ நிறுவனமும் தங்கள் அதிவேக ரகங்களுக்கு இன்று தனியாக ஒரு 'ஓட்டுநர் தொகுப்பு' விற்கின்றன. கூடுதல் பணம் செலுத்தினால் 250 என்ற வரம்பு 300 அளவுக்கு உயர்த்தப்படுகிறது. பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட வரம்பு இப்படி விலைப்பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. பட்டறைக்காரர் திருட்டுத்தனமாகச் செய்வதை நிறுவனம் ரசீது போட்டுச் செய்கிறது என்பதே வேறுபாடு. வரம்பையும் விற்று, வரம்பு மீறலையும் விற்கும் சந்தை இது.

2007இல் ஜப்பானில் வெளிவந்த நிசான் ஜிடி-ஆர் கார் இன்னொரு உண்மையை வெளிப்படுத்தியது. அந்தக் காரின் செயற்கைக்கோள் வழிகாட்டி, கார் நிற்கும் இடம் அங்கீகரிக்கப்பட்ட பந்தயத் தளமா என்று கண்டறியும். பந்தயத் தளம் என்றால் மட்டுமே 180 கிலோமீட்டர் வரம்பை நீக்க அனுமதிக்கும். பந்தயத் தளத்தை அடையாளம் காணத் தெரிந்த கணினிக்குப் பள்ளிக்கூடத் தெருவை அடையாளம் காணத் தெரியாதா? தொழில்நுட்பம் தயாராகப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும், சாலையின் வேக வரம்பை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கும் ஓட்டுநர் அதை மீறிச் செல்ல வழி விடப்பட்டிருக்கிறது. அறிவியல் எட்டிய இடத்துக்குச் சட்டம் வந்து சேரவில்லை.

வேகத்தின் இயற்பியலோ பணத்துக்கும் பதவிக்கும் வளைந்துகொடுப்பதில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 250 கிலோமீட்டரில் சென்றால் அந்த ஆற்றல் ஏறத்தாழ 10 மடங்கு. 300 கிலோமீட்டரில் 14 மடங்கு. 80 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும் கார், 250இல் 69 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். டயர்களுக்கும் எல்லை உண்டு. 'எச்' குறியீடுள்ள டயர் 210 கிலோமீட்டர் வரைக்கும், 'வி' குறியீடுள்ளது 240 வரைக்கும்தான் தாங்கும். கணினியின் வரம்பை அழிப்பவர் டயரின் வரம்பை அழித்துவிட முடியாது.

இந்தியாவில் எந்தச் சாலையிலும் காருக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை. எனவே 250 கிலோமீட்டர் வரம்புகூட இங்கே இரு மடங்குக்கும் அதிகம். அதையும் நீக்குவது எந்தத் தேவைக்கு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று கூறுகிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள காரின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் ஒரு வேளை விருந்துச் செலவு. தவிரவும், அலங்கார விளக்கையும் அகலமான சக்கரத்தையும் கண்டுபிடிக்கும் ஆய்வாளரின் கண்ணுக்குக் கணினிக்குள் மாறிய நிரல் தெரிவதில்லை.

உழைப்பாளியின் வாகனத்துக்கு மட்டும் வேறு நியாயம். 2015இல் வந்த அறிவிக்கையின்படி லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் 80 கிலோமீட்டர், பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60 கிலோமீட்டர் என வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். பின்னர் வாடகைக் கார்களும் இந்த வளையத்துக்குள் வந்தன. கருவி இல்லையென்றால் தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லையென்றால் அன்றைய பிழைப்பு இல்லை. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் எவ்வளவு ஆற்றல் கொண்டதாயினும் இந்த விதியின் கீழ் வராது. அதற்கு 80 கிலோமீட்டரில் ஓர் எச்சரிக்கை ஒலியும், 120ஐத் தாண்டினால் தொடர் ஒலியும் போதும் என்று 2019 முதல் ஏற்பாடு. கடன் வாங்கி டாக்சி ஓட்டுபவருக்குப் பூட்டு; பல கோடி ரூபாய் காரில் பறப்பவருக்கு வெறும் மணியோசை. ஒரே சாலையில் இரண்டு சட்டங்கள்.

சாலையில் மடிவது யார்? ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022இல் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பாதசாரி. உயிரிழப்புகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. இவை அனைத்தும் இறக்குமதிக் கார்களால் நிகழ்ந்தவை அல்ல. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் வேகத்தைப் பெருமையாகவும் வரம்பைக் கோழைத்தனமாகவும் கற்பிக்கும் பண்பாடு மேலிருந்தே கீழிறங்குகிறது.

2024 மே 19 அதிகாலையில் புனேயின் கல்யாணி நகரில் நடந்ததை நாடு மறந்திருக்காது. இறக்குமதி செய்யப்பட்ட போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் மாண்டனர். ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வயது 17. காருக்கு நிரந்தரப் பதிவு எண் இல்லை. சில மணி நேரத்திலேயே 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பிணை கிடைத்தது. மக்கள் கொந்தளித்த பின்னரே அந்த உத்தரவு மாற்றப்பட்டது. ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனை மருத்துவர்கள் கைதாயினர். அந்தக் காரில் வேகப் பூட்டு நீக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. ஆனால் பதிவு, வயது, பிணை என்று ஒவ்வொரு கட்டத்திலும் வரம்புகள் எப்படி நெகிழ்ந்தன என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. காரின் பூட்டை மட்டுமல்ல, நிர்வாகத்தின் பூட்டையும் பணம் திறக்க முயன்றது என்பதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு.

'பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காகவே பூட்டை நீக்குகிறோம்' என்பது இவர்கள் சொல்லும் சமாதானம். அப்படியானால் ஜப்பானியக் கார் செய்ததைப்போல, தளத்துக்குள் மட்டும் திறந்து வெளியே வந்ததும் தானே மூடிக்கொள்ளும் பூட்டை ஏற்பதில் என்ன தயக்கம்? நடைமுறையில் பந்தயத் தளமாக்கப்படுவது பொதுச் சாலையே. 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச் சாலையை எடுத்துக்கொள்வோம். நிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து பட்டா பர்சோல் கிராமத்து விவசாயிகள் 2011 மே மாதம் போராடியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பறிபோயின. விவசாயி இழந்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலை எவருடைய சாகச மேடையும் அல்ல.

இங்கே இயக்கத்துக்குள்ளும் ஒரு கேள்வி எழுகிறது. போக்குவரத்துத் தொழிலாளர்களில் பலர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எதிர்த்திருக்கிறார்கள். நாமும் எதிர்ப்பதுதானே முறை? தொழிலாளர்களின் மனக்குறை நியாயமானது. கருவியின் விலை அவர்கள் தலையில் விழுகிறது. தரமற்ற கருவிகளால் வண்டி பழுதாகிறது. நேரக்கெடு வைத்து விரட்டும் முதலாளி தப்பித்துக்கொள்கிறார். விபத்துக்குப் பின் தகவல் தராமல் சென்ற ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தம், அந்தப் பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கச் செய்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் ஐயமில்லை. எனினும் வேக வரம்பையே எதிர்ப்பது, ஓட்டுநரை மேலும் மேலும் விரட்டும் முதலாளிக்கே உதவும். வேக வரம்பு அனைவருக்கும் வேண்டும். அதன் சுமையைத் தொழிலாளி சுமக்கக் கூடாது. இதுவே சரியான நிலைப்பாடு.

இந்தக் கேள்வி இனி கூர்மையடையும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோது, செஸ் வரியையும் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த பெரிய கார்களின் வரி 40 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், அங்கிருந்து வரும் கார்களுக்கான சுங்க வரியை ஒதுக்கீட்டு வரம்புக்குள் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. சொகுசுக் கார்களுக்குக் கதவு அகலமாகத் திறக்கிறது. அவற்றை வழிநடத்தும் விதிகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். இந்தியாவில் விற்பனையாகும் ஒவ்வொரு காரிலும், இந்நாட்டின் உச்ச வரம்பையொட்டிய வேகப் பூட்டு வகை ஒப்புதலின்போதே கட்டாயமாக்கப்பட வேண்டும். அதை வெளியார் எளிதில் மாற்ற முடியாதபடி வடிவமைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஏற்க வேண்டும். பதிவின்போதும் மறுஆய்வின்போதும் காரின் நிரலைச் சோதிக்கும் கருவியும் பயிற்சியும் போக்குவரத்து அலுவலகங்களுக்கு வேண்டும். பூட்டை நீக்கும் பட்டறையும் நீக்கச் சொல்லும் உரிமையாளரும் காரின் விலைக்கேற்ற அபராதத்தைச் சந்திக்க வேண்டும். லாரிகளுக்கும் டாக்சிகளுக்குமான கருவிச் செலவை அரசும் வாகனத் தயாரிப்பாளர்களும் ஏற்க வேண்டும். போக்குவரத்துச் சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் இவற்றை ஒரே கோரிக்கைப் பட்டியலாக்கி, ஒவ்வொரு மாநிலத்திலும் போக்குவரத்து ஆணையர் அலுவலகங்களின் முன் வைக்கத் தொடங்குவது நல்லது.