துரு சைலன்சரில், பழி என்ஜின் மேல்!

செல்லூரிலிருந்து வைகையைத் தாண்டி சிம்மக்கல் போக, பைக்கில் சில நிமிடம்தான். காலையில் கடை, மதியம் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி கடை. 'கொஞ்ச தூரம்தானே ஓட்டுறோம், வண்டி புதுசாவே இருக்கும்' என்று நினைப்பவர்கள் மதுரையில் ஏராளம். சைலன்சர் விஷயத்தில் கதை தலைகீழ்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாகி, ஆவி வெளியேறிவிடும். குட்டிப் பயணத்தில் சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்குகிறது. காலையில் குழாய் முனையில் சொட்டுவது அதுதான். துரு உள்ளிருந்து அரிப்பதால், வெளியே தெரியும்போது தகடு அப்பளமாகியிருக்கும்.

வால்பகுதியில் ஓட்டை என்றால் பெரும்பாலும் சத்தத்தோடு போய்விடும். என்ஜினை ஒட்டிய பெண்ட் பைப்பில் விழுந்தால்தான் வில்லங்கம். புகை விட்டுவிட்டு வெளியேறும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து 'பட்... பட்' என வெடிக்கும்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகான பைக்குகளில் இன்னொரு சிக்கல். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், ஓட்டை வழியே வந்த காற்றைப் பார்த்து 'பெட்ரோல் பத்தவில்லை' என்று தவறாகச் சொல்லும். அதை நம்பி வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் சரியும், பிளக் கறுக்கும். பிளக், ஏர் ஃபில்டர் என்று வரிசையாக மாற்றி பில் ஏறும். ஓட்டை அப்படியே இருக்கும்!

துருச் செதில்கள் உதிர்ந்து உள்ளே அடைத்துக்கொள்வதும் உண்டு. புகை வெளியேற வழியில்லாமல், இருவராகப் பாலம் ஏறும்போது வண்டி திணறும்.

மூட்டுகளில் கரிப்படலம் தெரிகிறதா என்று பார்த்தாலே கசிவு பிடிபடும். பல மாடல்களில் சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் வடிய கம்பெனியே வைத்தது. துரு ஓட்டை என்று நினைத்து அதையும் வெல்டிங் வைத்து அடைக்கிறார்கள், பாவம்.

தகடு கெட்டியாக இருந்தால் வெல்டிங் தாங்கும்; மெலிந்திருந்தால் ஓட்டை பெரிதாகும், மாற்றுவதே வழி. வாரம் ஒருமுறை அழகர்கோவில் வரை, 20 கிலோமீட்டர் போய் வந்தால் தேங்கிய ஈரம் காயும். சந்து வீடுகளில் பைக்கை உள்ளே நிறுத்துபவர்கள், ஓட்டைச் சைலன்சரோடு அங்கேயே ஸ்டார்ட் செய்து விடக் கூடாது. கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.