கால்பந்தின் கணக்கு கால்பந்தோடு நிற்கட்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அணிகள் யாரோடு மோத வேண்டும், அதற்காக எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும் என்பதை இன்று முடிவுசெய்வது ஊர்களின் அண்மையோ கல்வி நிறுவனங்களின் ஒப்புமையோ அல்ல. ஒரேயொரு விளையாட்டின் ஒளிபரப்பு உரிமைக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்கும் விலையே அதை முடிவுசெய்கிறது. அந்த விளையாட்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. அதற்காகக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத நீச்சல், வாலிபால், சாஃப்ட்பால், தடகளம் ஆகியவற்றின் மாணவர்களையும் சேர்த்து இழுத்துச் செல்கின்றன. இந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும். கால்பந்தைத் தனி அமைப்பாகப் பிரித்து, மற்ற விளையாட்டுகளை அவற்றின் வட்டாரங்களுக்கே திருப்பித் தர வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் அடிப்படை அலகு, ஆங்கிலத்தில் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்பு ஆகும். அருகருகே உள்ள பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆட்ட அட்டவணையையும் விதிகளையும் வகுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இது. நடு மேற்குப் பகுதியின் பல்கலைக்கழகங்கள் 1896-ல் தொடங்கியதே இன்றைய பிக் டென். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், ஓரிகன் ஸ்டேட் ஆகிய நான்கும் 1915-ல் அமைத்த பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பே பிற்காலத்தில் பேக்-12 ஆக வளர்ந்தது. நாடு தழுவிய விதிகளை வகுக்கும் என்சிஏஏ எனப்படும் தேசியச் சங்கம் இவற்றுக்கு மேலே இருந்தாலும், பணமும் அட்டவணையும் கூட்டமைப்புகளின் கையில்தான் உள்ளன.

இந்த அமைப்பு எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதைப் பேக்-12-இன் வீழ்ச்சி காட்டியது. லாஸ் ஏஞ்சலீஸின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னில் சேரப்போவதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. எஞ்சிய பத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் கைகூடாமல் ஓராண்டு கழிந்தபின், 2023 ஜூலை இறுதியில் கொலராடோ வெளியேறியது. சந்தாதாரர்களின் எண்ணிக்கைக்கேற்ப வருவாய் ஏறி இறங்கும் வகையில் ஆப்பிள் நிறுவனம் முன்வைத்த இணையவழி ஒளிபரப்புத் திட்டம் சிலருக்கு நம்பிக்கை தரவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகியவை பிக் 12 என்ற வேறொரு கூட்டமைப்புக்கும் சென்றன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகமும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்க்கப்பட்டன. 500-க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற ஒரு கூட்டமைப்பில், 108 ஆண்டுகளுக்குப் பின், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டு மட்டுமே எஞ்சின. நிறுவிய நான்கு பல்கலைக்கழகங்களில் மூன்று வெளியேறிவிட்டன. அவற்றுள் பசிபிக் கரையில் உள்ள பெர்க்லி, இன்று அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய அணிவரிசையில் ஆடுகிறது.

இதன் வேர் 1984-ல் இருக்கிறது. எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை அதுவரை என்சிஏஏ-வே வரம்பிட்டு வந்தது. இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு தொடுத்த வழக்கில், அது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரமாக விளங்கியவரும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவருமான நீதிபதி பைரன் வைட், கல்வி நோக்கமுடைய ஓர் ஏற்பாட்டை வெறும் வணிகமாகப் பார்க்கக் கூடாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அது உடைத்த வேலிக்கு மாற்றாக எந்த வேலியும் போடப்படவில்லை. உரிமையை விற்கும் அதிகாரம் கூட்டமைப்புகளின் கைக்கு வந்ததும், எவரைச் சேர்த்தால் விலை உயரும் என்ற கேள்வியே உறுப்பினர் சேர்க்கையின் அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோல் இயங்கும் விதத்தைப் பிக் டென்னின் வளர்ச்சியில் தெளிவாகக் காணலாம். 2007-ல் அது தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. உறுப்பினர் பல்கலைக்கழகம் உள்ள பகுதியில், கேபிள் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும், அந்த வீட்டார் ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதந்தோறும் கூடுதல் கட்டணம் அந்த அலைவரிசைக்கு வந்து சேரும். 2014-ல் மேரிலாந்தும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் சேர்க்கப்பட்டதற்கு, வாஷிங்டன் நகரத்தையும் நியூயார்க்கையும் சுற்றியுள்ள அந்தக் கேபிள் வீடுகளே முதன்மைக் காரணம். கேபிள் சந்தாக்கள் குறையத் தொடங்கியபின் நாடு முழுவதும் பார்வையாளரைத் திரட்டும் பெரிய பெயர்களுக்கு மதிப்பு ஏறியது. லாஸ் ஏஞ்சலீஸ் கைக்கு வந்த சில வாரங்களிலேயே, 2022 ஆகஸ்டில், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய நிறுவனங்களோடு ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பிக் டென் அறிவித்தது. பத்து என்ற பெயரோடு இன்று அதில் இருப்பவை பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள்.

இந்த வணிகத்தின் சுமையை மிகுதியாகத் தாங்குவோர் கால்பந்து ஆட்டக்காரர்கள் அல்லர். கால்பந்து அணி பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்களே ஆடுகிறது. அவையும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பாதிக்கும் மேல் சொந்த மைதானத்தில், வெளியூர் என்றால் தனி விமானத்தில். சாஃப்ட்பால் அணியோ ஒரு பருவத்தில் 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. வாலிபால் அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ரட்கர்ஸுக்கு ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். இடையில் மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. அங்கே காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கு எழும் மாணவியின் உடலுக்கு அது அதிகாலை நான்கு மணி. இரவு ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது மறுநாள் வகுப்பு தவறிவிடும். தவறாத நாளில் உறக்கம் தவறியிருக்கும். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தொழில்முறை விளையாட்டு வாழ்க்கை காத்திருக்கவில்லை. நான்காண்டு முடிவில் கையில் இருக்கப்போவது பட்டம் ஒன்றுதான். அந்தப் பட்டத்துக்கான நேரத்தைத்தான் கால்பந்து ஒப்பந்தம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இழப்பு மாணவர்களோடு நிற்பதில்லை. ஓரிகன் பல்கலைக்கழகம் இருக்கும் யூஜீனுக்கும் ஓரிகன் ஸ்டேட் இருக்கும் கார்வாலிஸுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். 1894 முதல் மோதிவரும் இவ்விரு அணிகளின் ஆட்டம், பருவத்தின் முத்தாய்ப்பாக நவம்பர் இறுதியில் நடந்துவந்தது. இரண்டும் வெவ்வேறு கூட்டமைப்புகளில் ஆடிய 2024-ல் அது செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. கார்வாலிஸின் ரீசர் மைதானம், பெருங்கூட்டமைப்பின் உறுப்பினர் என்ற நம்பிக்கையில் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டு 2023-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அந்தக் கூட்டமைப்பு கலைந்தது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறாண்டுக்கும் மேலாக ஆடிவந்த மாநிலத்தின் பெருமோதல், ஓக்லஹோமா தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போனதால் 2023 நவம்பரோடு நின்றது. சிற்றூர்களின் உணவகங்களும் விடுதிகளும் ஆண்டு வருவாய்க்கு நம்பியிருப்பதும், தாத்தாவும் பேரனும் ஒரே வண்ணச் சட்டையில் அமர்ந்து பார்ப்பதும் இத்தகைய ஆட்டங்களையே. இவற்றுக்கு ஒப்பந்தத்தில் விலை குறிக்கப்படுவதில்லை.

பல்கலைக்கழகங்களின் பேரம் பேசும் நிலையும் தாழ்ந்துவிட்டது. புதிய இடத்தில் நுழைவதற்காகவே ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஒளிபரப்பு வருவாயில் முதல் ஏழாண்டுகளுக்கு 30 விழுக்காட்டுப் பங்கோடு அமைந்தன. அவற்றோடு சேர்ந்த டெக்சஸின் எஸ்எம்யூ, ஒன்பதாண்டுகளுக்கு அந்த வருவாயே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. யுசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் இரு வளாகங்கள். யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று, இரண்டையும் ஆளும் ஆட்சிக்குழு 2024-ல் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஒரே மக்களின் பொதுச் சொத்தான இரு நிறுவனங்களைத் தொலைக்காட்சி வணிகம் எதிரெதிர் தரப்புகளாக நிறுத்திவிட்டது.

இந்தக் குலைவுக்கு ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரத் தொடங்கியதே காரணம் என்ற வாதம் ஓங்கி ஒலிக்கிறது. காலவரிசை அதை ஏற்கவில்லை. மாணவர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ விதித்த வரம்பை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியதும், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பொருள் ஈட்டும் உரிமை மாணவர்களுக்குக் கிடைத்ததும் 2021-ல்தான். பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களோடு வருவாயைப் பகிர வழிவகுத்து, முதல் ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் உச்சவரம்பு வைத்த நீதிமன்ற உடன்பாடு, 2025 ஜூனில்தான் ஒப்புதல் பெற்றது. மேரிலாந்தும் ரட்கர்ஸும் இடம் மாறியபோது ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்காலத்தில் குவிந்த பணம் பயிற்சியாளர்களின் ஊதியத்துக்கும் கட்டடங்களுக்கும் சென்றது. 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே நீக்கியபோது, அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. உழைத்தவனுக்கு இப்போது கிடைக்கும் பங்கு தாமதமாக வந்த நீதி. அதன்மேல் பழி போடுவது முறையன்று.

கால்பந்து வருவாய்தான் மற்ற விளையாட்டுகளைக் காப்பாற்றுகிறது என்பது வலுவான இரண்டாவது வாதம். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது உண்மையே. ஆனால் காப்பாற்றும் பணத்தோடு நெடுந்தூரப் பயணச் செலவும் வகுப்பிழப்பும் வரும்போது, அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுப்பது பாதுகாக்கப்படுவோராகவே இருக்கிறார்கள். மேலும், இந்தப் போட்டியில் எவ்வளவு வந்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரியாகவே முடிகிறது. ஒருவர் செலவை உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்தியாக வேண்டும். பங்கு போதவில்லை என்று ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தம் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடுத்ததும் இதனால்தான்.

எங்கே போய் ஆடுவது என்பது அவரவர் சுதந்திரம் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. இந்நிறுவனங்கள் கல்விப் பணிக்காகவே வரிவிலக்குப் பெற்றவை. பல, அரசின் நிதியில் நடப்பவை. பொதுமக்களின் சலுகையில் வாழும் நிறுவனம், தன் முடிவு கல்வியைக் கெடுக்கவில்லை என்று பொதுமக்களிடம் நிறுவக் கடமைப்பட்டது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்க, அதன் மற்ற பெரும்பாலான அணிகள் 2013 முதல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் ஆடுகின்றன. ராணுவ, கடற்படைக் கல்விக்கழகங்களும் கால்பந்தை ஓரிடத்திலும் பிற விளையாட்டுகள் பலவற்றை வேறிடத்திலும் வைத்துள்ளன. இவர்களால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும். கல்லூரி விளையாட்டுச் சீர்திருத்தத்துக்கென 1989-ல் அமைக்கப்பட்ட நைட் ஆணையம், உயர்மட்டக் கால்பந்தை என்சிஏஏ-விலிருந்து பிரித்துத் தனி அமைப்பின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று 2020-லேயே பரிந்துரைத்துவிட்டது.

இரண்டாவது தேவை சட்டத் திருத்தம். தொழில்முறை லீக்குகள் தம் அணிகளின் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றுசேர்த்து விற்க 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரின் அணி, நியூயார்க் அணிகளோடு தேசிய ஒளிபரப்பு வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொண்டு நிலைத்திருப்பது அந்தச் சட்டத்தின் துணையால்தான். அந்த வாய்ப்பு கல்லூரிகளுக்கு இல்லை. அதை விரிவாக்க, வாஷிங்டன் மாநிலத்தின் செனட்டர் மரியா கேன்ட்வெல் 2025-ல் மசோதா கொண்டுவந்தார். அதிகம் பெறும் கூட்டமைப்புகள் இந்த யோசனையை எதிர்க்கின்றன. உரிமைகள் ஒன்றுசேர்ந்து விற்கப்பட்டால், அடுத்தவர் வீட்டு உறுப்பினரைக் கவர்ந்து விலையை ஏற்றும் தேவையே அற்றுப்போகும். மூன்றாவதாக, எந்தப் பல்கலைக்கழகமும் கூட்டமைப்பு மாறுமுன், ஒவ்வொரு அணிக்கும் ஏற்படும் பயணத்தையும் வகுப்பிழப்பையும் கணக்கிட்டு வெளியிட்டு, மாணவர்களின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக வேண்டும்.

பிக் டென்னின் இப்போதைய ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. தேசியக் கால்பந்துச் சாம்பியன் போட்டித் தொடருக்கான உடன்பாடு அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளில் முடிகிறது. அடுத்த ஏலம் தொடங்கிவிட்டால், இன்னொரு கூட்டமைப்பு கலையும். இன்னும் சில கார்வாலிஸ்கள் புதுப்பித்த மைதானத்தோடு தனித்து நிற்கும். அமெரிக்க நாடாளுமன்றமும் பல்கலைக்கழகத் தலைவர்களும் அதற்கு முன் செயல்பட வேண்டும். கால்பந்து தன் சந்தை எங்கே அழைத்தாலும் போகட்டும். மற்ற அணிகள் பக்கத்து ஊரில் ஆடிவிட்டு, மறுநாள் காலை வகுப்புக்கு வந்து சேரட்டும்.