கோயிலுக்கு எதுக்கு இந்தப் புதுச் சட்டம்னு கேட்கிறவங்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, படிச்சிட்டு திட்டணும்னா திட்டுங்க.

கொஞ்ச நாளா கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கோயில் வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரே புலம்பல். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் கோயிலுக்கும் வந்துடுச்சாம். "40 வருஷமா அம்மா பார்த்துக்கிட்டா, இப்ப அரசாங்கம் வந்து பார்க்கப் போகுதா?" அப்படின்னு கேட்கிறாங்க. கை தட்டுறவங்களும் நிறைய.

தொண்டர்களான நாங்க இதுக்கு நேரா பதில் சொல்றோம். எங்கள்ல பாதிப் பேர் பகல்ல தொழிற்சாலை, சாயங்காலம் கோயில். பெரிய படிப்பு இல்ல. ஆனா இந்தச் சட்டத்தோட 30 வருஷமா குப்பை கொட்டினவங்க. அது ஏன் வந்ததுன்னு எங்களுக்குத் தெரியும்.

1991 மே 7. சுங்கை பூலோவில பட்டாசுத் தொழிற்சாலை வெடிச்சது. 26 பேர் செத்தாங்க, நூற்றுக்கும் மேற்பட்டவங்களுக்குக் காயம். சுத்தி இருந்த வீடுகளும் சேதம். அப்ப நாட்டுல சட்டம் இல்லாமலா இருந்தது? 1967-லேயே தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இருந்தது. ஆனா அது பேர்லயே இருக்கு: தொழிற்சாலை, இயந்திரம். பாய்லருக்கு சர்ட்டிபிகேட் இருக்கா, பெல்ட்டுக்கு மூடி இருக்கா, இதைத்தான் பார்க்கும். கடையில, ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல வேலை செய்றவனை அது கண்டுக்கல. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1994-ல வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை உண்டாக்குறவனே அதுக்குப் பொறுப்பு, இதுதான் அதோட அடிப்படை.

அப்பவும் எல்லாருக்கும் வரல, குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும்தான். 2022-ல திருத்தினாங்க, 2024 ஜூன் 1-ல அமலுக்கு வந்தது. இப்ப வீட்டு வேலை, ராணுவம், கப்பல் மாதிரி சிலது தவிர, நாட்டுல உள்ள எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். பழைய 1967 சட்டத்தையும் அதே நாள்ல எடுத்துட்டாங்க.

ஆக, ஒரு சமுதாயம் புதுச் சட்டம் போடுறது பொழுது போகாம இல்ல. பழைய சட்டம் யாரை விட்டுடுச்சோ, அவங்க உயிரைக் கொடுத்து ஓட்டையைக் காட்டுவாங்க. அப்புறம்தான் பேனா எடுப்பாங்க.

"சரி, அது தொழிற்சாலை. கோயில்ல என்ன ஆபத்து?" இதான் அடுத்த கேள்வி.

தஞ்சாவூர் பெரிய கோயில், 1997 ஜூன் 7. கும்பாபிஷேக யாகசாலைப் பந்தல்ல தீப்பிடிச்சது. ஓலைப் பந்தல். நெரிசல்ல சிக்கினவங்களும் சேர்ந்து 48 பேர் போனாங்க. ராஜராஜன் கட்டின கோயில், ஆயிரம் வருஷமா நிக்குது. அங்க கூட தீ, சாமி சந்நிதின்னு பார்க்கல.

கேரளா, கொல்லம் பரவூர் புற்றிங்கல் தேவி கோயில், 2016 ஏப்ரல் 10. வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி தரல. மீறி நடத்தினாங்க. நூற்றுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அங்க சட்டம் இருந்தது, மதிக்கத்தான் ஆள் இல்ல. அந்த அம்மனுக்கு சக்தி இல்லைன்னு சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க. அப்போ நம்ம அலட்சியத்துக்கு அம்மாவை ஏன் ஜாமீன் போடச் சொல்றீங்க?

இன்னொண்ணு யோசிங்க. தோட்டத்துக் கோயில் காலத்துல நூறு குடும்பம். விறகடுப்பு. யாருக்கு என்ன ஆனாலும் லயத்துல எல்லாருக்கும் தெரியும். வழக்கமே சட்டமா இருந்தது, அது போதுமாவும் இருந்தது. இப்ப? திருவிழா அன்னிக்கு ஆயிரக்கணக்குல சாப்பாடு. பந்தலுக்குள்ளேயே கேஸ் தோம்பு வரிசையா நிக்குது. விளக்குக்கு ஒரே பிளக்குல ஆறு வயர். வர்றவங்க பாதிப் பேர் யாருன்னே நமக்குத் தெரியாது. வாழ்க்கை இவ்வளவு மாறினப்புறம் பழைய வழக்கம் மட்டும் எப்படிக் காப்பாத்தும்?

அப்புறம், கோயில்ல வேலை செய்றவங்க யாரு? குருக்கள், நாதஸ்வரம், தவில், மடப்பள்ளி சமையல், கூட்டிப் பெருக்குற அக்கா. நிறைய பேர் இந்தியாவுல இருந்து பெர்மிட்ல வந்தவங்க. விடியக்காலை 5 மணிக்கு நடை திறக்கணும், ராத்திரி 10 வரைக்கும் நிக்கணும். கை சுட்டுக்கிட்டா யார்கிட்ட சொல்வாங்க? "சாமி வேலை"ன்னு சொல்லி வாயை அடைச்சிடுறோம். இவங்களுக்காகத்தான் இந்தச் சட்டம். உடனடி ஆபத்துன்னு நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் சரி பண்ணலைன்னா, வேலையை விட்டு நகர உரிமை இருக்கு. சாமி கும்பிட வர்ற உங்களையும் சட்டம் விடல. வேலையிடத்தால வெளியாட்களுக்கும் ஆபத்து வரக்கூடாதுன்னு அதுல இருக்கு. மீறினா 500,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லைன்னா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்.

"நம்ம கோயிலை மட்டும் குறி வைக்கிறாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. கோயில் இடிப்பு, நிலப் பிரச்சினை எல்லாம் பார்த்தவங்களுக்கு அந்தப் பயம் வரும். அதுல நாங்க தப்பு சொல்ல மாட்டோம். ஆனா இது நிலத்தைப் பத்தின சட்டம் இல்ல. பள்ளிவாசல், சர்ச், சீனக் கோயில், முக்குக்கடை, எங்க சம்பளத்துக்கு ஆள் இருக்கோ அங்கெல்லாம் இதே சட்டம். எல்லாத்துலயும் சதியைத் தேடினா, நிஜமா அநியாயம் நடக்கும்போது நம்ம பேச்சை யாரும் கேட்க மாட்டாங்க.

எல்லாச் சட்டமும் நல்ல சட்டம்னு நாங்க சொல்லல. சின்னக் கோயிலுக்கு இது சுமைதான். ஆனா பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வைக்கணும்ங்கிறது 5 பேர், அதுக்கு மேல வேலைக்கு வச்சிருக்கிற இடத்துக்குத்தான். ஒத்தைக் குருக்கள் கோயிலுக்கு அது கிடையாது. சட்டத்தை எதிர்க்கலாம், படிச்சிட்டு எதிர்க்கணும். செருப்பு மாதிரி வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள போறது சட்டத்துக்கு ஆகாது.

ராஜகோபுரத்துக்கு லட்சக்கணக்குல வசூல் பண்றோம். தீயணைப்பான் வாங்கச் சொன்னா "அடுத்த வருஷம் பார்க்கலாம்". இதான் கோபம் வருது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துல எழுந்து நின்னு இதைக் கேளுங்க:

கேஸ் தோம்பு எங்க இருக்கு? தீயணைப்பான்ல தேதி என்ன? திருவிழா வயரிங் பண்ணினவர் லைசென்ஸ் உள்ளவரா? பக்கத்துக் கதவு பூட்டியிருக்கா, திறந்திருக்கா? குருக்களுக்கும் மடப்பள்ளி ஆட்களுக்கும் சொக்சோ கட்டுறாங்களா? வாரத்துல ஒரு நாள் ஓய்வு உண்டா?

பதில் வரலைன்னா, மாலை மரியாதை வாங்குறவங்ககிட்ட மறுபடியும் கேளுங்க. சத்தமா கேளுங்க. யாராவது செத்தப்புறம் வர்ற சட்டத்தை விட, இப்ப கையில இருக்கிற சட்டத்தை மதிக்கிறது சுலபம்.

உங்க கோயில் குழுவுலயும் இதைப் பகிருங்க. அம்மா துணை.