எடைக்குப் போகும் முன்

மலிவைக் குறிக்க நாம் அன்றாடம் புழங்கும் சொற்களைச் சற்று நின்று கவனித்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு பொருளை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர் 'கொள்ளை மலிவு' என்கிறார். அதைவிடவும் குறைந்தால் 'அடிமாட்டு விலை'. முன்னதில் கொள்ளை இருக்கிறது. பின்னதில் கசாப்புக்கு ஓட்டிச் செல்லப்படும் மாடு இருக்கிறது. (கொள்ளை என்பதற்கு மிகுதி என்ற பொருளும் உண்டே, கொள்ளை அழகு என்கிறோமே என்று தமிழாசிரியர் எவரேனும் மறுக்கக்கூடும். மறுக்கட்டும். அந்த மிகுதியின் பின்னாலும் ஒரு சூறையாடல் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.) வேறு கடைத்தெருக்களில் இவை வெறும் உவமைகளாக நின்றுவிடலாம். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் தெருவில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே வழங்கத்தக்கவை. அங்கே ஒரு வண்டி அறுபட்டால்தான் இன்னொரு வண்டி ஓடும். சில சமயம் அறுபட்ட வண்டி யாரோ ஒருவரிடமிருந்து கொள்ளை போனதாகவும் இருந்துவிடுகிறது.

உதிரிபாகம் என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. தொடுக்கப்படாத பூவை உதிரிப்பூ என்கிறோம். உதிர்தல் அதன் வேர். நிறுவனத்தின் முத்திரையோடு அட்டைப்பெட்டியில் வரும் புதுச் சாமான் எதிலிருந்தும் உதிர்ந்ததில்லை. அச்சொல்லுக்கு முழு உரிமை உடையது, ஒரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு சாக்கில் கிடக்கும் பழைய சாமான்தான். அதை விற்கும் இடத்துக்கு நாம் இட்ட பெயர் காயலான் கடை. காயல்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள் பழைய இரும்பு வணிகத்தில் ஈடுபட்டிருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். முத்துக்கும் கடல் வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஒரு பழந்துறைமுகப் பகுதியின் பெயர், இன்று ஒருவருடைய வண்டியைப் பழிப்பதற்கான சொல்லாக மிஞ்சியிருக்கிறது.

சென்னையில் இத்தொழிலின் தலைமைப்பீடம் புதுப்பேட்டை. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் அருகே, கூவத்தை ஒட்டிய தெருக்கள். வெளியூர்க்காரர்கள் பலருக்கு 2006இல் வந்த செல்வராகவனின் திரைப்படத்தால் அப்பெயர் அறிமுகம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே. அங்கு வந்து சேரும் வண்டிகள் பலவகை. விபத்தில் சிதைந்து, பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பையே மிஞ்சிவிட்டதால் காப்பீட்டு நிறுவனம் கைகழுவியது ஒன்று. அரசு அலுவலகம் கழித்து ஏலம் விட்டது ஒன்று. காவல் நிலைய வாசலில் உரிமை கோருவாரின்றி வெயிலில் நின்று ஏலத்துக்கு வந்தது ஒன்று. தந்தையின் மறைவுக்குப் பிறகு பிள்ளைகள் இடத்தை அடைக்கிறதென்று தள்ளிவிட்ட ஸ்கூட்டர் ஒன்று. வந்த வண்டி சில மணி நேரத்தில் பிரிக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சின் ஒரு பக்கம், கியர்பெட்டி ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம், விளக்குக் கிண்ணங்கள் ஒரு பக்கம்.

பிரித்த பிறகுதான் அத்தொழிலின் நுட்பம் தொடங்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே இரண்டு விலைகள் உண்டு. ஒன்று பெயருக்கான விலை, மற்றொன்று எடைக்கான விலை. இது இன்ன ஆண்டு இன்ன வண்டியின் கார்புரேட்டர் என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் அது தேவைப்படும் ஒருவரும் இருக்கும்வரை அதற்குப் பெயர்விலை. இருவரில் ஒருவர் இல்லாமற்போனால் அது கால் கிலோ அலுமினியம், அவ்வளவே. பழைய புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடைக்குப் போடப்பட்ட மூட்டைக்குள்ளிருந்து ஒரு முதற்பதிப்பை எடுத்துத் தனியே வைக்கும் நடைபாதைக் கடைக்காரர் செய்வதும் இதையேதான்.

ஆனால் நம் இலக்கிய நண்பர்கள் இவ்விரண்டு கடைகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டைப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை பெருமூச்சுகள்! அங்கே புத்தகங்களோடு பழைய தட்டுமுட்டுச் சாமான்களும் விற்றன என்பது அக்கட்டுரைகளில் ஓர் ஓரத்தில் வந்துபோகும். நடைபாதையில் ஓர் அரிய நூல் சொற்ப விலைக்குக் கிடைத்தால் அதை 'அகப்பட்டது' என்று எழுதுகிறோம். புதையல் அகப்பட்டதைப் போல, நம் நல்லூழால் நடந்ததைப் போல. அதை மூட்டையிலிருந்து பிரித்து, மேலே தெரியும்படி வைத்தவர் அந்த வாக்கியத்தில் இல்லை. இந்த 'அகப்பட்டது' என்ற வினை எனக்கு உவப்பில்லை. பழைய சாமான் கடையில் தற்செயலாக எதுவும் அகப்படுவதில்லை. யாரோ ஒருவருடைய நினைவு அதை எடைத்தட்டிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் 1990களின் பஜாஜ் சேத்தக் ஒன்று இன்னும் ஓடுகிறது. அந்நிறுவனம் 2009-10 வாக்கில் ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகிக்கொண்டது. 2019இல் அறிவிக்கப்பட்ட மின்சாரச் சேத்தக் பெயரில் மட்டுமே இதற்கு உறவு. மேக்னட் பிளேட் பழுதானபோது அதை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு கடைக்குச் சென்றேன். பன்னிரண்டடி அகலம்கூட இல்லாத கடை. பெயர்ப்பலகை துருப்பிடித்திருந்தது. கடைக்காரருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். பொட்டலத்தை நான் பிரிப்பதற்கு முன்பே, "பாயின்ட் வண்டியா சார், எலெக்ட்ரானிக்கா?" என்றார். பிரித்துக் காட்டியதும் பதில் தேவைப்படவில்லை. ஏணி வைத்துப் பரணில் ஏறி, ஒரே மாதிரித் தோன்றிய பலவற்றை விரலால் தள்ளி, ஒன்றை எடுத்து வந்தார். சரியாகப் பொருந்தியது. அவரிடம் பட்டியல் இல்லை, கணினி இல்லை. 400 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பேரம் பேசாமல் கொடுத்ததற்காகப் பிறகு ஆசிரியர் ஓய்வறையில் நண்பர்கள் சிரித்தார்கள். உலோகமாக நிறுத்திருந்தால் அதில் கால் பங்குகூடத் தேறியிருக்காது என்றே நினைக்கிறேன். மீதியெல்லாம் அந்தப் பரணுக்கும் அவருடைய கேள்விக்குமான விலை.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதிலும் ஓர் இலக்கணம் உண்டு; நல்ல கடைக்காரர்களே அதைச் சொல்லிவிடுவார்கள். வார்ப்பில் செய்த உறுப்புகள், எஞ்சினின் வெளிக்கூடு, சக்கரத்தின் நடுக்குடம், பற்கள் தேயாத கியர் போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். சிலிண்டர் பிளாக்கைப் பழையதாக வாங்கி லேத் பட்டறையில் 0.25 மி.மீ. பெரிதாக்கி அதற்கேற்ற புதுப் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். பழைய பிஸ்டனை மட்டும் வாங்கலாகாது. அது தான் வாழ்ந்த சிலிண்டரின் வடிவுக்கே தேய்ந்தது. வேறு வீட்டில் குடியேறாது. பிரேக் கட்டை, டயர், ஆயில் சீல், பேரிங் ஆகியவற்றில் மலிவு தேடுவது உயிரோடு விளையாடுவது. கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பார்க்காமல் முன் ஃபோர்க்கின் குழாயை வாங்குவதும் அப்படியே. விபத்தில் வந்த வண்டியில் முதலில் வளைந்திருப்பது அதுதான்.

இனி, கொள்ளைக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புத்தம்புதிது போன்ற இரண்டு சக்கரங்களைக் கால் விலைக்கு வாங்கி மாட்டிவந்தான். ரசீது இல்லை. எந்த வண்டியில் இருந்தவை என்று கடையில் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அதே வகுப்பில் இன்னொரு மாணவன் அந்தப் பருவத்தில்தான் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்திய வண்டியைப் பறிகொடுத்திருந்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. இல்லையென்று எவராலும் நிறுவ முடியாது என்பதுதான் சிக்கல். வண்டியில் எஞ்சினுக்கும் சேஸிக்கும் மட்டுமே பதிவுப் புத்தகத்தில் ஏறிய எண் உண்டு. சக்கரத்துக்கும் டேங்குக்கும் சைலன்சருக்கும் அப்படி ஓர் அடையாளம் இல்லை. கழற்றிய கணத்தில் அவை ஊர் பேர் அற்றுவிடுகின்றன. வட மாநிலங்களில் நின்றிருந்த ஈக்கோ வேன்களிலிருந்து சைலன்சர்களை மட்டும் திருடிச்சென்ற செய்திகள் சில ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து வந்தன. திருடியவர்களுக்குச் சைலன்சர் வேண்டியிருக்கவில்லை. புகையைத் தூய்மைப்படுத்த அதற்குள் பூசப்பட்டிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவையே இலக்கு. ரோடியத்தின் விலை 2021இல் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டிருந்தது.

திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவும் இதையே சொன்னது. 'நம்புவதற்குக் காரணம்' என்ற தொடர் நுட்பமானது. அளவுக்கு மீறிய மலிவும் அத்தகைய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படலாம். 'எனக்கு எப்படித் தெரியும்' என்ற எளிய விடையைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. நாம் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்?

அரசுகள் இதற்கு இரண்டு மருந்துகளை வைத்திருக்கின்றன. முதலாவது கண்டுகொள்ளாமல் விடுவது. இரண்டாவது ஒரேயடியாக இழுத்து மூடுவது. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், திருட்டு வண்டிகளைப் பிரிப்பதற்குப் பேர்போன சோத்திகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் காவல்துறை மூடியது. குற்றம் செய்தவர் தண்டனை பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தெரு முழுவதையும் ஒரு குற்றவாளியாகக் கொள்ளும்போது ஒழுங்காகத் தொழில் செய்தவரின் பரணும் சேர்ந்தே காலியாகிறது.

அதே 2021இல் நாட்டின் வாகனக் கழிவுக் கொள்கை வந்தது. பதிவுபெற்ற நிலையங்களில் ஒப்படைத்துச் சான்று பெற்றால் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சலுகை. ஒப்படைக்கப்படும் வண்டி திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் விதியுண்டு. இது வரவேற்கத்தக்கதே. எண்ணெயும் பேட்டரி அமிலமும் கூவத்தில் கலப்பதைவிட முறையான நிலையம் மேலானது. 2025 ஏப்ரல் முதல், ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான தனி விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவ்விதிகளின்படி உற்பத்தியாளரின் பொறுப்பு அளக்கப்படுவது எஃகின் எடையைக் கொண்டு. என் மனக்குறை இங்கேதான். பயன்படக்கூடிய ஒரு கியர் இன்னொரு வண்டிக்குப் போய்ச் சேர்ந்தாலும் உலைக்குப் போனாலும் அக்கணக்கில் உலைக்குப் போனதற்கே மதிப்பு. பெயர்விலையை அறிந்த ஒரு தொழிலை எடைவிலை மட்டும் அறிந்த ஒரு தொழிலிடம் ஒப்படைக்கிறோம். அத்தகைய நிலையம் அமைக்க வேண்டிய நிலமும் இயந்திரமும் முதலீடும் பன்னிரண்டடிக் கடைக்காரரின் கைக்கு எட்டக்கூடியவையல்ல. இரும்பை உருக்கிப் புது இரும்பாக்கும் நெருப்புக்கும் ஒரு செலவு உண்டு என்பதையும் எவரும் பேசுவதில்லை.

பழைய சாமான் சந்தையை வறியவர்களின் கட்டாயம் என்று இரக்கத்தோடு பேசுவோரும் உண்டு. காய்கறி மூட்டையை ஏற்றிச் செல்லும் டி.வி.எஸ். மொபெட்டுக்காரருக்கும் தவணையில் ஓடும் ஆட்டோக்காரருக்கும் புதுச் சாமானின் விலை பல நாள் வருமானம் என்பது உண்மைதான். ஆனால் 1996இல் தயாரிப்பு நின்ற யமஹா ஆர்.எக்ஸ்.100க்குப் பழைய மிகுனி கார்புரேட்டர் தேடி அலைகிறவர் வறியவர் அல்லர். அவருக்கு வேண்டிய பொருள் புதிதாக எங்கும் செய்யப்படுவதில்லை. இருவருக்கும் தேவை ஒரே தெரு. அத்தெரு நிற்க வேண்டுமானால் அது இரக்கத்தால் நிற்காது.

ரசீதால் நிற்கலாம் என்பது என் கருத்து. எந்தப் பதிவெண் வண்டியிலிருந்து, என்றைக்குக் கழற்றியது என்ற இரண்டு விவரங்கள் எழுதிய ஒரு துண்டுத்தாள் போதும். பிரித்த வண்டியின் பதிவை நீக்கச் சொல்லி உரிமையாளர் அறிவிக்க வேண்டுமென்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு முன்பே சொல்கிறது. ஆகவே இதற்கான முதல் தாள் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அதிலிருந்து உதிரும் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த எண்ணைத் தொடரச் செய்வது கைபேசி வைத்திருக்கும் கடைக்காரருக்குக் கடினமான வேலையும் இல்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் வாங்குபவர்கள். ரசீது கேட்டால் 18 சதவீத வரி சேருமே என்பதால் நாம் கேட்பதில்லை. நாம் கேட்காததால் அவர் எழுதுவதில்லை. அவர் எழுதாததால் நேர்மையான பரணும் திருட்டுப் பரணும் காவலர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. சேத்தக் பிளேட்டுக்கு நான் ரசீது கேட்டபோது அந்தப் பெரியவர் சற்றுத் திகைத்தார். பிறகு நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறம் வண்டியின் எண்ணை எழுதிக் கொடுத்தார். மனப்பாடமாகவே எழுதினார். அவரிடம் பிரிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்க வேண்டிய ஸ்கூட்டர் அது.

இரும்பின் விலை ஏறும் மாதங்களில் எடைவிலை பெயர்விலையை நெருங்கிவிடுகிறதாம். அப்போது பல கடைகள் பரணைக் காலி செய்துவிடுகின்றன என்று அவர்தான் சொன்னார். லாரி வந்து நிற்கும், சாக்குச் சாக்காக இறங்கும். அடுத்த வாரம் ஒருவர் பழுதான துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். இல்லையென்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும்.