நம்பத் தகுந்த கருவி எது?

நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்பொழுதெல்லாம் படத்தொகுப்பில் வந்து முடிகிறது. பொங்கல் விழாவைப் படம் பிடிக்கிறோம்; ஆண்டு விழா நாடகத்தைப் படம் பிடிக்கிறோம். தமிழகத்தை விட்டு இத்தனை தொலைவு வந்து படிக்கும் நம்மில் சிலர், விடுமுறை நாட்களில் திருமணப் படங்களைத் தொகுத்துக் கொடுத்து விடுதிக் கட்டணத்தில் ஒரு பங்கை ஈட்டவும் செய்கின்றனர். ஆதலால், "எந்த மென்பொருள் நல்லது?" என்னும் வினா நமக்குப் பொழுதுபோக்கு வினா அன்று, கைக்கும் வயிற்றுக்கும் இடையே நிற்கும் வினா.

அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளைக் கேட்டுப் பாருங்கள். "அதில் ஆயிரம் வித்தைகள் உண்டு" என்பார் ஒருவர். "பெரிய படங்களையெல்லாம் அதில்தான் வெட்டுகிறார்கள்" என்பார் மற்றொருவர். "எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது" என்பார் மூன்றாமவர். நான்காமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காசே வேண்டாம், பூட்டு உடைத்த பிரதி என்னிடம் இருக்கிறது" என்பார். கேட்கவேண்டிய கேள்வியை இந்நால்வரில் எவரும் கேட்பதில்லை. "நாளை இந்த மென்பொருளை விட்டு வெளியேற நேர்ந்தால், நான் செய்த வேலையைக் கையோடு எடுத்துச் செல்ல முடியுமா?" என்பதே அக்கேள்வி. தொழிலுக்கென்று மென்பொருள் தேர்ந்தெடுப்போர், உள்ளே நுழையும் வாசலின் அழகைப் பார்க்குமுன் வெளியே வரும் வாசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதுவே என் கருத்து.

இது வீண் அச்சம் என்று கருதுவோர் பைனல் கட் புரோவின் வரலாற்றை அறிதல் நலம். 1989இல் வெளிவந்த அவிட் கருவி, பிலிமை வெட்டி ஒட்டும் தொழிலைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தது; ஆனால் அதை வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டியிருந்தது. 1999இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பைனல் கட் புரோ சாதாரண மேசைக் கணிப்பொறியிலேயே ஓடியது. வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர், 2003இல் வெளிவந்த 'கோல்டு மவுண்டன்' படத்தை அதில் தொகுத்தார். 2010இல் வெளிவந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' அதில் தொகுக்கப்பட்டு, படத்தொகுப்புக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. இதைவிட ஒரு நற்சான்று வேண்டுமா?

அவ்விருது வழங்கப்பட்ட 2011ஆம் ஆண்டிலேயே, ஜூன் மாதம், ஆப்பிள் நிறுவனம் பைனல் கட் புரோவை அடியோடு மாற்றி எழுதிப் பத்தாம் பதிப்பாக வெளியிட்டது. பழைய பதிப்பில் செய்த வேலைகளைப் புதிய பதிப்பு திறக்கவில்லை. பல காமிராக்களில் எடுத்த ஒரே காட்சியைச் சேர்த்துத் தொகுக்கும் வசதி அதில் இல்லை. தொகுத்ததை ஒலிக்கூடத்துக்கும் வண்ணக்கூடத்துக்கும் அனுப்ப உதவும் பட்டியல்களை எழுதித் தரும் வசதியும் இல்லை. பழைய பதிப்பின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் ஒரு குறை தீர்ந்தது. 2012 ஜனவரியில் மற்றொன்று தீர்ந்தது. ஆனால் அதற்குள் பல படக்கூடங்கள் அவிட்டுக்கும் அடோபியின் பிரீமியருக்கும் குடிபெயர்ந்துவிட்டன. மென்பொருள் மோசமானது என்பதால் வந்த துன்பம் அன்று இது. ஆக்கியோன் மனம் மாறினான். அவனை நம்பியிருந்தோர் நடுத்தெருவில் நின்றனர்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற கொரியப் படம் 'பாரசைட்'. அதன் தொகுப்பாளர் யாங் ஜின்மோ, ஆப்பிள் கைவிட்ட அதே பழைய பைனல் கட் புரோ ஏழாம் பதிப்பில்தான் அப்படத்தைத் தொகுத்தார். இது எப்படி இயன்றது? பழைய பதிப்பு விலை கொடுத்து வாங்கப்பட்ட பொருள். கணிப்பொறி உயிரோடு இருக்கும்வரை அதுவும் ஓடும். எவரிடமும் மாதந்தோறும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. விற்றவன் கைவிட்டாலும் வாங்கியவன் கையில் கருவி இருந்தது.

வாடகைக் கருவியின் நிலை வேறு. 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், தன் படைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா முறையிலேயே தரப்போவதாக அறிவித்தது. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் ஆணையொன்றைக் காட்டி, வெனிசுலா நாட்டு வாடிக்கையாளர் கணக்குகளையெல்லாம் முடக்கப் போவதாகவும் அறிவித்தது. அம்மாத இறுதியில் அரசின் அனுமதி பெற்று அம்முடிவைக் கைவிட்டது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட அந்த வாரங்களில், ஒரு குற்றமும் செய்யாத அந்நாட்டுத் தொகுப்பாளர் ஒருவர் எப்படி உறங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? சென்ற விடுமுறையில் நான் உதவியாளனாக இருந்த ஒரு சிறு கூடத்தில், சந்தா கட்டும் வங்கி அட்டையின் கெடு முடிந்துவிட்டது. முதலாளி வெளியூர் போயிருந்தார். மென்பொருள் திறக்க மறுத்தது. எங்களுக்குத் தெரிந்த தொழிலும் இருந்தது. எடுத்த படமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பூட்டு ஒன்று தொங்கியது. மணமகளின் தந்தை மூன்று நாட்கள் வந்து வந்து திரும்பினார். நான்காம் நாள் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத இயலாது.

இதனால் நான் பிரீமியரைப் பழிக்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்னும் படம் அதில் தொகுக்கப்பட்டு 2023இல் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் பெற்றது. அதன் தகுதியில் ஐயமில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றம் அன்று. வாடகை வீட்டுத் தோட்டத்தில் நகையைப் புதைத்து வைப்பதுதான் பேதைமை.

பூட்டு உடைத்த பிரதியைப் பற்றியும் ஒரு சொல். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். யார் உடைத்தார், உடைக்கும்போது உள்ளே எதை வைத்தார் என்பது எவருக்கும் தெரியாது. பிழை கண்டால் முறையிட இடமில்லை. பிறர் வீட்டுத் திருமணத்தை, திரும்ப நடவாத ஒரு நாளை, அத்தகைய பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டு, "நான் தொழில் செய்கிறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

இனி, தேர்ந்தெடுக்கும் வழி என்ன? எனக்குத் தோன்றும் நான்கு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சொந்தச் சோதனை. விளம்பரத்தையும் நண்பர் வாக்கையும் ஒதுக்கிவிட்டு, உங்கள் கணிப்பொறியில், உங்களிடம் உள்ள மிகத் தொல்லையான படப்பதிவை இட்டு, ஐந்து நிமிடப் படம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை முடித்துப் பாருங்கள். பாதி வழியில் விட்டால் அது சோதனை ஆகாது. இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். கைப்பேசியும் சிறு காமிராக்களும் எச்.264, எச்.265 என்னும் முறைகளில் படத்தைச் சுருக்கி வைக்கின்றன. அம்முறைகளில் ஒவ்வொரு சட்டமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள சட்டங்களிலிருந்து மாறிய பகுதியே பெரும்பாலும் சேமிக்கப்படும். ஆகவே ஒரு சட்டத்தைக் காட்டவும் கணிப்பொறி அதன் சுற்றத்தையெல்லாம் கணக்கிட்டாக வேண்டும். மேலும், கைப்பேசிப் பதிவில் ஒரு நொடிக்குரிய சட்டங்களின் எண்ணிக்கை ஒரே சீராக இராது. அதனால் உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக நழுவும். தொகுக்கத் தொடங்குமுன் பதிவுகளை, ஒவ்வொரு சட்டத்தையும் முழுதாகச் சேமிக்கும் புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.டி. முறைக்கு, சீரான வேகத்தில் மாற்றிக்கொண்டால் இத்தொல்லைகளிற் பெரும்பகுதி தீரும். கோப்பு பெருக்கும், கணிப்பொறி இளைப்பாறும். "மென்பொருள் முரண்டு பிடிக்கிறது" என்று நாம் வையும் வசைகளிற் பல இந்தச் சுருக்க முறைக்குச் சேரவேண்டியவை.

இரண்டாவது, வாசற் சோதனை. அந்த ஐந்து நிமிடப் படத்தை வேறொரு மென்பொருளுக்கு அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் வழிகள் சில உண்டு. இ.டி.எல். என்பது வெட்டுகளின் பட்டியல், வெறும் எழுத்துக் கோப்பு, பழமையானது, ஒரே படவரிசையைத்தான் தாங்கும். எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எப். ஆகியவை இன்னும் பலவற்றைச் சுமக்கும். எதில் அனுப்பினாலும் வெட்டுகள் பிழைக்கும். எழுத்துகளும் வண்ணமும் வித்தைகளும் பெரும்பாலும் வழியில் உதிரும். எது பிழைக்கிறது, எது உதிர்கிறது என்பதை வேலை கிடைக்கும் முன்பே அறிந்திருப்பவன் தொழிலாளி; கெடு நாளன்று அறிபவன் பாவம்.

மூன்றாவது, கைப்பொருட் சோதனை. இன்று மாணவருக்கு நல்ல காலம். டாவின்சி ரிசால்வ் முன்பு பெரிய கூடங்களில் வண்ணம் திருத்தும் கருவியாக, இலட்சக்கணக்கான டாலர் விலையில் இருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கியது. 2011இல் இலவசப் பதிப்பு ஒன்றையும் தந்தது. பின்னர் முழுமையான தொகுப்புக் கருவியாகவும் வளர்த்தது. கட்டணப் பதிப்பின் விலை 2017இல் 995 டாலரிலிருந்து 299 டாலராகக் குறைந்தது. ஒரு முறை கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு வலுவான கணிப்பொறி வேண்டும். பழைய மடிக்கணினியில் அது மூச்சு வாங்கும். அத்தகையோர்க்குக் கேடென்லைவ் உண்டு. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. ஆக்கியோர் விலகினாலும் பிறர் எடுத்து வளர்க்கலாம். பளபளப்பில் அது பின்தங்கும். சில வேளை அதுவும் இடையில் நின்றுபோகும். ஆயினும் நாளை அதைப் பூட்ட எவராலும் ஆகாது.

நான்காவது, பொறுமைச் சோதனை. இது மென்பொருளுக்கு அன்று, நமக்கு. கையில் ஒரு வேலை இருக்கும்போது புதிய பதிப்புக்கு மாறாதீர்கள். புதிய பதிப்பில் ஒரு முறை திறந்த வேலையைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்பதில்லை. எடுத்த படத்தை ஒரே தட்டில் வைக்காதீர்கள். மூன்று பிரதிகள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். படப்பதிவே தொலைந்தபின் எந்த மென்பொருளின் நம்பகம் நம்மைக் காக்கும்?

"அவிட் கற்றால்தானே சினிமாவில் வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பெரிய படங்களின் தொகுப்பு அறைக்குள் நுழைய விரும்புவோர் அதைக் கற்கத்தான் வேண்டும். 1994இல் வெளிவந்த 'மகாநதி' அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்பர். அக்காலத்தில் மூவியோலாவில் பிலிமைக் கையால் வெட்டிப் பழகியவர்கள் கணிப்பொறிக்கு மாறினார்கள். விசைகள் மாறின, ஆனால் ஒரு முகத்தை எந்தக் கணத்தில் விட்டு அடுத்த முகத்துக்குப் போவது என்னும் அறிவு அவர்களோடேயே வந்தது. அது எந்த நிறுவனமும் வாடகைக்கு விடாத பொருள். ஆகவே எதில் தொடங்கினாலும் குற்றமில்லை. ஒன்றில் ஊன்றிக் கற்பதே முதன்மை.

இத்தனையும் நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கம் இவ்வாண்டு படத்தொகுப்புக்கென்று ஒரு கணிப்பொறி வாங்கியிருக்கிறது. அதில் எந்த மென்பொருளை நிறுவுவது என்று செயற்குழு விரைவில் முடிவு செய்யவிருக்கிறது. சந்தா மென்பொருள் ஒன்றைச் செயலாளர் ஒருவரின் பெயரில் எடுக்கலாம் என்ற யோசனையும் எழுந்துள்ளதாக அறிகிறேன். அதை நான் ஏற்கவில்லை. தனி ஒருவர் தொழிலுக்கு வாடகை பொருந்தலாம், சங்கத்துக்குப் பொருந்தாது. நாம் இங்கே இருப்பது இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு. செயலாளர் பட்டம் பெற்றுப் போவார். அவர் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவரோடு போகும். நம் நாடகமும் கவியரங்கமும் திறவுகோல் இல்லாத பெட்டிக்குள் கிடக்கும்.

ஆதலின் செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது: கணிப்பொறி தாங்குமானால் ரிசால்வின் இலவசப் பதிப்பையும், தாங்காவிட்டால் கேடென்லைவையும் நிறுவுக. ஒவ்வொரு விழா முடிந்ததும் மூலப் பதிவு, முடிந்த படம், வெட்டுப் பட்டியல் ஆகிய மூன்றையும் இரண்டு தட்டுகளில் எழுதி, ஒன்றைச் சங்க அறையிலும் மற்றொன்றைப் பொறுப்பாசிரியரிடமும் வைத்திடுக. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதிவைக்க. பத்தாண்டு கழித்து, நம்மை அறியாத ஒரு தமிழ் மாணவர் அந்த நோட்டைப் புரட்டி, நம் நாடகத்தைத் திரையில் ஓடவிட முடியுமானால், நாம் தேர்ந்தெடுத்தது நம்பத் தகுந்த கருவி.