கெமராவுக்குக் கேட்காத தப்பு

கடந்த மாசியில் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துக்குக் காமன் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் முற்றத்தின் ஓரத்தில் ஒரு போன் பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தாங்கிய கருவி, முகம் ஒன்றைக் கண்டால் தானாகவே திரும்பிப் பின்தொடரும். வெளிநாட்டில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பி வாங்கியதாம். “இனி யாரும் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கத் தேவையில்லண்ணே, அதுவே பாத்துக்கும்” என்றான் அதற்குப் பொறுப்பான தம்பி.

அந்த ஆசை நியாயமானது. கொழும்புக் கடைகளிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களுக்கு மாசிக்கு லீவு கிடைப்பதில்லை. பாட்டு முழுவதையும் நினைவில் வைத்திருக்கும் கூத்து வாத்தியார்மாரும் குறைந்து வருகிறார்கள். 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்தபோது நம் கலைகளை ஆவணப்படுத்த வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசினோம். செய்வதற்குத்தான் ஆளில்லை. ஆகவே இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை பதிவைப் போட்டுப் பார்த்தோம். ரதியும் மன்மதனும் அரிதாரம் பூசி ஆடிக்கொண்டிருக்க, கெமரா முன்வரிசையில் தேநீர் குடிக்கும் ஒரு பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வர்ணம் பூசிய முகத்தைவிட அவருடைய முகம் அதற்குச் சுலபமாகப் பிடிபட்டிருக்க வேண்டும். 2020 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் மைதானத்தில் தானியங்கிக் கெமரா பந்தை விட்டுவிட்டு எல்லைக்கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைத் துரத்திய கதைதான். சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கும் இடமும் பதிவில் இல்லை. தமிழ்நாட்டு லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து வாதாடுவார்கள். நம் போன் எரியாத கட்சி.

இதுவரை சிரித்துக்கொண்டே பார்த்தோம். சத்தத்தைக் கூட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. தப்பின் ஓசை எங்கோ தொலைவில் தகரம் தட்டுவதுபோல் மங்கிக் கிடந்தது. பேச்சைத் தெளிவாக்குவதற்கான இரைச்சல் நீக்கும் வசதி போனில் இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மனிதக் குரல் அல்லாததை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் காமன் கூத்தில் தப்புதான் ஆட்டத்தை நடத்துகிறது. யார் வருகிறார், ஆட்டம் எப்போது வேகம் பிடிக்கும், ரதியின் ஒப்பாரி எங்கே தொடங்கும் என்பதையெல்லாம் அடி மாறுவதை வைத்தே சனங்கள் தெரிந்துகொள்வார்கள். தானியங்கி எழுத்துரையோ அந்த ஒப்பாரி நெடுகிலும் ‘இசை’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தது.

தப்படித்தவர்களின் முகமும் பதிவில் சில விநாடிகளே. அவர்கள் நின்றது ஓரத்தில். தோட்டங்களில் தப்பு யார் கையில் இருந்தது, அந்தக் கைகளைச் சாதி எங்கே நிறுத்தி வைத்தது என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. அந்த இழிவு வேண்டாமென்று இளைஞர்கள் பலர் தப்பைத் தொட மறுப்பதும் தெரிந்ததே. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் ஆளை எங்கே நிறுத்துவது, கெமராவை எங்கே வைப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். பதிவிலும் அந்த ஓரம் அப்படியே ஓரமாகிவிடுகிறது.

கெமராவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விடிய விடிய லயம் லயமாகப் போகும் கூத்தைப் பதிய இன்று வேறு வழியும் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் தொகுத்தது பாடியவர்களிடம் கேட்டுத்தான். அந்தக் கேட்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது. இன்னொரு போனைத் தப்புக்குப் பக்கத்தில், இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிட்டு வைக்கலாம். பதிவை வாத்தியாருக்கும் தப்புக்காரர்களுக்கும் போட்டுக்காட்டி, எந்த அடி எதற்கென்று சொல்லச் சொல்லி அதையும் பதியலாம். இணையத்தில் ஏற்றலாமா என்று முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். அன்று அதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தப்படித்தவர்களில் மூத்தவர் வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குள் போய்த் தப்பை எடுத்துவந்து அடுப்பு நெருப்பில் காய்ச்சினார். “அந்த எடத்துல இப்பிடித்தான் அடிச்சோம், எழுதிக்கங்க தம்பி” என்றார்.